கொழும்பிலிருந்து நியூயார்க், பிசினஸ் கிளாஸ் பாதி விலைக்குக் கிட்ட வருகிறது. வயதான அப்பா அம்மாவுக்கு இதை எடுக்கலாமா?

உறையூரான்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, திருச்சியில் இருக்கிறார்கள். நான் நியூஜெர்சியில். மனைவிக்கு மே மாதம் பிரசவம், அதனால் ஏப்ரலில் அவர்களை அழைத்து வந்து ஐந்து மாதம் கூட வைத்துக்கொள்ள வேண்டும். போன தடவை சென்னையிலிருந்து எகானமியில்தான் வந்தார்கள். நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் வெளியே வரும்போது அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் சாக்ஸோடு நடந்து வந்தார். கால் வீங்கி செருப்பின் வார் ஏறவில்லை. காரில் உட்கார வைத்து சாக்ஸைக் கழற்றினால், எலாஸ்டிக் இருந்த இடத்தில் கணுக்காலைச் சுற்றிப் பள்ளம், என் விரல் பதிகிற ஆழத்துக்கு. "ஒண்ணுமில்லப்பா, ராத்திரி படுத்தா சரியாயிடும்" என்றார். அதற்கப்புறம் வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சையும் ஆகி ஒரு வருடம் முடிந்துவிட்டது. இனி அவரை 14 மணி நேரம் அப்படி உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சென்னையிலிருந்து போக வர பிசினஸ் ஒருவருக்கு 4,60,000 ரூபாய் காட்டுகிறது. இரண்டு பேருக்கு ஒன்பது லட்சத்தைத் தாண்டுகிறது, பிரசவச் செலவு இருக்கும் வருடத்தில் அது எனக்கு முடியாது. தேடிக்கொண்டே இருந்ததில் கொழும்பிலிருந்து கிளம்பினால் அதே நாட்களில் தோஹா வழியாக 2,70,000 என்று வருகிறது. அதே கம்பெனி, தோஹாவிலிருந்து நியூயார்க் வரும் விமானத்தின் எண்கூட அதேதான்! இன்னொரு தளத்தில் 2,35,000க்கும் ஒன்று இருக்கிறது. ஊரில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு ஏஜென்ட், சென்னையிலிருந்தே 1,80,000க்கு பிசினஸ் போட்டுத் தருகிறேன் என்று வாட்ஸப்பில் சொல்கிறார்.

ஒரே சீட்டுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதை நம்பலாம்? திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்தான், சென்னைக்கு ரயிலில் போவதைவிட அவர்களுக்கு அது லேசு. ஆனால் நான் கூட இருக்க மாட்டேன், அவர்கள் இருவரும் தனியாகத்தான் வர வேண்டும். அதுதான் பயம்.


சன்னலோரம்:

விலை நிஜம்தான், பயப்பட வேண்டாம். விமானக் கம்பெனி விலை வைப்பது பயணம் எந்த ஊரில் தொடங்குகிறது என்பதைப் பார்த்து. எத்தனை மைல் பறக்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சென்னையில் கம்பெனிச் செலவில் பிசினஸில் போகிறவர்கள் நிறைய, விலை ஏறினாலும் வாங்குவார்கள். கொழும்பில் அந்தக் கூட்டம் சின்னது, ஆனால் தோஹா, துபாய், அபுதாபி மூன்று ஊர் விமானங்களும் அங்கே வந்து ஆளைப் பிடிக்கின்றன, அதனால் விலை இறங்குகிறது. சல்லிசான பிசினஸ் டிக்கெட் தேடுகிறவர்களுக்குக் கொழும்பு பழைய ரகசியம். வரியும் ஒரு காரணம். இந்தியாவில் தொடங்கும் பிசினஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22லிருந்து 18 ஆகிவிட்டது. எகானமிக்கு 5தான். கொழும்பில் அவர்களுடைய வரி தனி, ஆனால் இந்த 18 கிடையாது.

இப்போது அந்த 2,35,000. வாங்குவதற்கு முன் ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாகத் திறந்து எந்த வகுப்பு என்று பாருங்கள். இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். சில தளங்களில் மேலே பெரிதாக பிசினஸ் என்று போட்டிருக்கும், உள்ளே போனால் கொழும்பிலிருந்து தோஹா வரும் ஐந்து மணி நேரம் மட்டும் பிசினஸ், தோஹாவிலிருந்து நியூயார்க் 14 மணி நேரமும் எகானமி. கலப்பு வகுப்பு என்று சின்ன எழுத்தில் ஓரத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த 14 மணி நேரத்துக்கான படுக்கை. திருப்பிப் போட்டிருந்தால், அதாவது சின்னது எகானமி, பெரியது பிசினஸ் என்றால், நான் யோசிக்காமல் எடுப்பேன்.

அடுத்து, பிசினஸிலேயே கழித்துக் கட்டிய டிக்கெட் உண்டு. எமிரேட்ஸ் 2019ல் ஸ்பெஷல் என்ற பெயரில் லவுஞ்சும் (விமான நிலையத்தில் காத்திருக்கும் ஓய்வறை) வீட்டுக்கு வரும் காரும் இல்லாத பிசினஸ் டிக்கெட்டைக் கொண்டுவந்தது. கத்தார் ஏர்வேஸ் 2020 கடைசியில் லைட் என்று ஒன்று கொண்டுவந்தது, அதிலும் லவுஞ்ச் இல்லை, இருக்கையை முன்கூட்டியே பிடித்து வைக்கத் தனிக்காசு. சீட் அதேதான், சாப்பாடும் அதேதான். இளவட்டங்களுக்கு அது போதும். உங்கள் அப்பாவுக்குத் தோஹாவில் நாலைந்து மணி நேரம் காத்திருப்பு என்றால் லவுஞ்ச் அவசியம், கால் நீட்டி உட்கார, பக்கத்திலேயே கழிப்பறை இருக்க. அந்தக் கூடுதல் காசைக் கொடுத்துவிடுங்கள்.

சீட் அமைப்பையும் பாருங்கள். ஒரே கம்பெனியில்கூட விமானத்துக்கு விமானம் மாறும். எமிரேட்ஸின் பழைய 777ல் பிசினஸ் 2-3-2, அதாவது நடுச் சீட் உண்டு, சன்னல் பக்கத்து ஆள் எழுந்தால் பக்கத்து ஆளின் காலைத் தாண்ட வேண்டும். ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்தில் மாடியில் 1-2-1. கத்தாரின் கியூசூட் என்ற பிசினஸ் சீட், 2017ல் வந்தது, அதுவும் 1-2-1, கதவு உண்டு, நடுவில் இரண்டு சீட்டுகளைச் சேர்த்துத் தம்பதி பேசிக்கொண்டே வரலாம். ஆனால் எல்லா விமானத்திலும் கியூசூட் கிடையாது. ஏரோலோபா தளத்தில் விமான வகையைப் போட்டுப் பார்த்தால் சீட் படம் தெளிவாக இருக்கும். அறுவை சிகிச்சை ஆன முட்டியோடு யார் காலையும் தாண்ட வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். அமெரிக்காவைத் தொடும் டிக்கெட்டைக் கிளம்பக் குறைந்தது ஏழு நாளுக்கு முன்னால் நேரடியாக வாங்கினால் 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்யலாம், அல்லது காசு கட்டாமல் விலையைப் பிடித்து வைக்கலாம், இரண்டில் ஒன்றைக் கம்பெனி தர வேண்டும் என்பது அங்கே சட்டம். போட்டுவிட்டு ராத்திரி நிதானமாக உட்கார்ந்து சரிபார்க்கலாம்.


குத்துவிளக்கு:

அந்த வாட்ஸப் ஏஜென்ட் பக்கமே போகாதீர்கள், தயவுசெய்து. என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2022ல் இதேபோல ஒருவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், பாதி விலையில் டொரன்டோவுக்கு பிசினஸ் போட்டுத் தந்தார். பிஎன்ஆர் வந்தது, கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தால் அம்மா பெயர் இருந்தது, சீட்டும் இருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு சென்னை விமான நிலையத்தில் செக்இன் கவுன்டரில் அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்த டிக்கெட் நேற்றே ரத்தாகிவிட்டது அம்மா என்றார். அப்புறம்தான் விளங்கியது, அது யாரோ ஒருவருடைய மைலேஜ் கணக்கிலிருந்து, அதாவது விமானக் கம்பெனி தரும் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் கணக்கிலிருந்து எடுத்த இலவச டிக்கெட். அந்தப் புள்ளியை, மைல் என்பார்கள், விலைக்கு விற்பது கம்பெனி விதிப்படி கூடாது, கண்டுபிடித்தால் கணக்கையும் முடக்கி டிக்கெட்டையும் கிழித்துவிடுவார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. அம்மா இரண்டு பெட்டியையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள், தம்பி தாம்பரத்திலிருந்து திரும்பி வருகிற வரைக்கும். பணம் போனது போகட்டும், அம்மா அந்த ராத்திரி நின்ற நிற்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

டிக்கெட்டுக்குப் பணம் போகும் இடம் விமானக் கம்பெனியாகவே இருக்கட்டும். ஏஜென்ட் வழியாகத்தான் என்றால், பணம் கட்டிய ரசீதும் டிக்கெட் மேல் அச்சான விலையும் ஒன்றா என்று கேளுங்கள். விலையே இல்லாத டிக்கெட் என்றால் சந்தேகப்படுங்கள்.


நீர்கொழும்பான்:

வணக்கம் அண்ணா. எங்கட ஊர் வழியாகப் போகிற இந்தியக் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒரு வாகன சேவையில்தான் வேலை. அதனால் தரையில் நடக்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

திருச்சி - கொழும்பு ரிக்கெற்றும் கொழும்பு - நியூயோர்க் ரிக்கெற்றும் வெவ்வேறு என்றால், திருச்சி விமானம் பிந்தினால் பெரிய விமானக்காரருக்கு ஒரு பொறுப்பும் இல்லை. அப்பா அம்மா வரவில்லை என்று போட்டுவிடுவார்கள். முதல் துண்டில் ஏறாவிட்டால் பின்னால் இருக்கிற எல்லாம், திரும்பி வருகிற பயணம்கூட, ரத்தாகிவிடும். தோஹாவில் போய் ஏறிக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம், அது நடக்காது. ஆகவே ஒரு நாள் முந்தியே வரச் சொல்லுங்கோ. கொழும்பு விமானங்கள் இறங்குகிற கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்பு நகரம் தூரம், அங்கே போக வேண்டியதில்லை. நீர்கொழும்பு பத்து கிலோமீற்றர்தான், கடற்கரை ஓரமாக நல்ல தங்குமிடங்கள் இருக்கு, தமிழ் கதைக்கிற ஆட்களும் இருக்கினம், இட்லி தோசையும் கிடைக்கும். லிஃப்ட் இருக்கிற இடமாகக் கேட்டுப் போடுங்கோ, சில இடங்களில் மூன்று மாடி படிதான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பதால் ஈடிஏ, அதுதான் இலங்கைக்குள் நுழைகிற அனுமதி, கட்டாயம். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வரும்போது பழைய ஈடிஏ செல்லாது, அது 30 நாளுக்குத்தான். அப்போது இன்னொன்று எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நியூயோர்க் கவுன்டரில் நின்று தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

பெட்டிதான் முக்கியமான இடம். அமெரிக்காவுக்கு பிசினஸில் ஆளுக்கு 32 கிலோவில் இரண்டு பெட்டி விடுவார்கள். அதை நம்பி அம்மா 64 கிலோ கட்டிவிடுவா. ஆனால் திருச்சியிலிருந்து வருகிற சின்ன விமானத்தில் எகானமி ரிக்கெற்றில் எத்தனை கிலோ போட்டிருக்கோ அவ்வளவுதான், மிச்சத்துக்குக் காசு அறவிடுவார்கள், அதுவும் கவுன்டரில் கட்டினால் இன்னும் அதிகம். முதலே ஒன்லைனில் வாங்கி வையுங்கோ, அல்லது சின்ன விமானத்தின் கணக்குக்கே பெட்டி கட்டச் சொல்லுங்கோ.


மருந்துச்சீட்டு:

நான் நர்ஸ், எலும்பு மருத்துவப் பிரிவில் பல வருடம் வேலை செய்தவள். கால் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

பிசினஸ் எடுத்தால் வீக்கமும் ரத்தக்கட்டு பயமும் தானாகப் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வில் சொன்னது, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று. அப்படி ஆனாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான், அதனால் பதற வேண்டாம். அதில் பஸ், ரயில், கார் எல்லாம் அடக்கம். காரணம் அசையாமல் இருப்பது. படுக்கை கிடைத்தது என்று அப்பா பத்து மணி நேரம் புரளாமல் தூங்கினாலும் அசைவு இல்லைதானே. அம்மாவிடம் சொல்லி வையுங்கள், விழித்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை வரை நடக்கட்டும். தண்ணீர் குடிக்கப் பயப்படுவார்கள், எழுந்து போக வேண்டுமே என்று. பிசினஸில் அந்தப் பயம் தேவையில்லை, வழி விடச் சொல்லி யாரையும் எழுப்ப வேண்டாம், அதுவே பெரிய நிம்மதி.

காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் சாக்ஸ் நல்லது, ஆனால் அளவெடுத்து, அவருடைய டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் குத்துமதிப்பாக வாங்கியது முட்டிக்குக் கீழே சுருண்டு இறுகினால் கெடுதல். போன தடவை சாக்ஸ் எலாஸ்டிக் பதிந்ததாகச் சொன்னீர்களே, அந்த மாதிரி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். செருப்பு ஒரு சைஸ் பெரிதாக, ஒட்டுகிற வார் உள்ளதாக இருக்கட்டும்.

சக்கர நாற்காலியை டிக்கெட் போட்டவுடனேயே கம்பெனியில் பதிவு செய்யுங்கள், காசு கிடையாது. அதில் மூன்று வகை. டபிள்யூசிஹெச்ஆர் என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்க முடியாது. டபிள்யூசிஹெச்எஸ் என்றால் படி ஏற முடியாது. டபிள்யூசிஹெச்சி என்றால் சீட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்பாவுக்கு இரண்டாவதைப் போடுங்கள், சில இடங்களில் பஸ்ஸில் கூட்டிப்போய் ஏணிப்படி ஏறச் சொல்வார்கள். முட்டியில் உலோகம் இருப்பதால் சோதனை வாசலில் சத்தம் போடும், அதற்கு டாக்டர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். மாத்திரை எல்லாம் கைப்பையில்.


உறையூரான்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சன்னலோரம் சொன்னதுபோல அந்த 2,35,000ஐத் திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது, தோஹா - நியூயார்க் எகானமி! கவனிக்காமல் வாங்கியிருந்தால் அப்பாவை அதே சீட்டில் மறுபடி உட்கார வைத்திருப்பேன். ஏஜென்டை வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம், பரவாயில்லை.

இன்னொரு சந்தேகம். அபுதாபி வழியாக 2,85,000க்கு ஒன்று இருக்கிறது. 15,000 கூட. அதில் ஏதாவது லாபம் உண்டா? அப்புறம், விலை தவறிப்போய் ஐம்பதாயிரத்துக்கு பிசினஸ் கிடைத்தது என்றெல்லாம் படிக்கிறேனே, அதற்காகக் காத்திருக்கலாமா?


சன்னலோரம்:

அபுதாபியில் ஒரு பெரிய லாபம் உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள், 2014 ஜனவரியிலிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது. நியூயார்க்கில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி நேராகப் பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். 14 மணி நேரம் பறந்து அலுத்துப்போய் ஜேஎஃப்கே வரிசையில் நிற்பதற்கும், அபுதாபியில் தெம்பாக இருக்கும்போது அதிகாரி முன்னால் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் பெற்றோர் விஷயத்தில் நான் அந்த 15,000ஐக் கொடுப்பேன். ஒன்று மட்டும், அபுதாபியில் இடைவெளி மூன்று மணி நேரமாவது இருக்கட்டும், அந்தச் சோதனை வரிசைக்கும் நேரம் வேண்டும்.

தவறான விலைக்குக் காத்திருக்காதீர்கள். அது நடக்கும், மறுக்கவில்லை. 2019 புத்தாண்டு சமயத்தில் கத்தே பசிபிக் வியட்நாமின் டா நாங்கிலிருந்து நியூயார்க்குக்குப் போக வர பிசினஸை 700 டாலருக்கும் கீழே விற்றுவிட்டது, வாங்கியவர்களை மதித்து ஏற்றியும் கொண்டது. ஆனால் 2023ல் ஜப்பானின் ஏஎன்ஏ அப்படி விற்றதை ரத்து செய்தது. அதே வருடம் குவான்டாஸ் ஆஸ்திரேலியா - அமெரிக்கா முதல் வகுப்பைத் தவறுதலாக 85 சதவீதம் குறைத்து விற்றது, சுமார் 300 பேர் வாங்கினார்கள், அவர்களை பிசினஸுக்கு மாற்றினார்கள். அமெரிக்க அரசே 2015ல் சொல்லிவிட்டது, தவறான விலையைக் கம்பெனி மதித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த மாட்டோம் என்று. தோள்பையோடு கிளம்பும் ஆளுக்கு அது சரி. பிரசவத் தேதி குறித்து வைத்திருக்கிற வீட்டுக்கு ஆகாது.


தபால்பெட்டி:

குறுக்கே வருகிறேன். அமெரிக்காவில் இருக்கிறீர்கள், கார்டு பாயின்ட் ஏதாவது சேர்த்து வைத்திருக்கிறீர்களா? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் 70,000 இருந்தால் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கத்தார் பிசினஸில் ஒருவருக்கு ஒரு வழி எடுக்கலாம், மேலே வரி மட்டும். உங்கள் கணக்கிலிருந்து அப்பா பெயருக்கு நீங்களே எடுத்துத் தருவது விதிப்படி சரியானது, குத்துவிளக்கு சொன்னது விலைக்கு விற்கும் கதை. இடம் கிடைப்பதுதான் கஷ்டம், ஒரே விமானத்தில் இரண்டு சீட் சேர்ந்து கிடைப்பது இன்னும் கஷ்டம். ஏப்ரலுக்கு இப்போது கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள், திரும்பும் டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி டிக்கெட்டும் வாங்காதீர்கள். போக வர சேர்த்து வாங்கும் விலையில் பாதிக்கு ஒரு வழி கிடைப்பது அபூர்வம்.


உறையூரான்:

பாயின்ட் அவ்வளவு இல்லை. நேற்று ராத்திரி அபுதாபி வழியே கம்பெனி தளத்தில் போட்டுவிட்டேன், இடைவெளி மூன்றே முக்கால் மணி நேரம். இரண்டு துண்டும் பிசினஸ் என்று மூன்று தடவை பார்த்தேன். நடு வரிசையில் பக்கத்துப் பக்கத்து சீட். சக்கர நாற்காலி இரண்டாவது வகை பதிவாகிவிட்டது. திருச்சி விமானம், கூடுதல் பெட்டி, அறை, வண்டி எல்லாம் சேர்த்து ஆறரை லட்சத்துக்குள் வருகிறது. சென்னையிலிருந்து போட்டிருந்தால் 9,20,000.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "படுத்துக்கிட்டே வரலாமா? அப்ப உங்கப்பா காலுக்குக் கீழ வைக்க என் சின்னத் தலகாணிய எடுத்துக்கறேன்" என்றாள்.

திருச்சியிலிருந்து ஏப்ரல் 13 கிளம்பி, 14 அன்று பெரிய விமானம்.


நீர்கொழும்பான்:

அண்ணா, 24 மணித்தியாலம் முடியவில்லை என்றால் உடனே தேதியை மாற்றுங்கோ. ஏப்ரல் 13, 14 இங்கே சிங்களவருக்கும் தமிழருக்கும் புத்தாண்டு. கடை பூட்டு, சமையல்காரர் ஊருக்குப் போய்விடுவினம், வான் ஓடுகிறவர்கள் பாதிப்பேர் லீவு. விமானம் பறக்கும், ஆனால் அறையில் அப்பா அம்மாவுக்குச் சுடுசோறு கிடைக்காது. 17க்குப் பிறகு என்றால் எல்லாம் திறந்துவிடும்.


உறையூரான்:

மாற்றிவிட்டேன். திருச்சியிலிருந்து 19, கொழும்பிலிருந்து 20. அபுதாபி டிக்கெட் ஒருவருக்கு 4,000 கூடியது. புத்தாண்டுக்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று அம்மாவுக்கு அதில் சந்தோஷம். வண்டிக்கு உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், லிஃப்ட் உள்ள இடம் எது என்றும் சொல்லுங்கள்.